மாஸ்டர் போன பிறகு யாரைக் கேட்பது?

கேள்வி: திருப்பூர் பக்கத்தில் எங்கள் குடும்பத்துச் சாயப்பட்டறையை நான்கு வருடமாக அப்பாவோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் 8, இரண்டு ஷிப்ட், 70 பேர். எங்கள் டையிங் மாஸ்டர் 26 வருடமாக இங்கேயே இருப்பவர். முழங்கால் வலி. தீபாவளி முடிந்ததும் ஊரோடு போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஆறு மாதம்தான். அவருக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னால், "அதெல்லாம் எழுதி வைக்கிற சமாச்சாரம் இல்லீங்க அம்மிணி, கை பழகோணும்" என்கிறார். நோட்டு கேட்பதே அவரை அவமானப்படுத்துவது என்கிறார் அப்பா. போன மாதம் ராத்திரி ஷிப்டில் வாட்ஸ்ஆப்பில் கிடந்த பழைய ரெசிபி போட்டோவைப் பார்த்து ஒரு மெரூன் லாட்டை ஓட்டி, 600 கிலோ துணி ஷேடு மாறிவிட்டது. டிரைவில் 14,000 ஃபைல் இருக்கிறது, எது புதுசு எது பழசு என்று தெரியவில்லை. ஒரு கம்பெனி வருடம் மூன்றரை லட்சத்துக்கு 'அறிவு மேலாண்மை மென்பொருள்' தருகிறேன் என்கிறது. வாங்கலாமா? மாஸ்டரிடம் இருப்பதை எப்படி வாங்கி வைப்பது? இன்னொன்று: அவருடைய போனில்தான் பாதி ரெசிபி இருக்கிறது. ஒரு நாள் வாங்கி மொத்தமாகக் காப்பி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மென்பொருளை இப்போது வாங்க வேண்டாம். மூன்றரை லட்சம் மிச்சமாகட்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அது ஓர் அலமாரி. உங்களிடம் அலமாரிக்குப் பஞ்சமே இல்லை. டிரைவ் இருக்கிறது, வாட்ஸ்ஆப் குழுக்கள் இருக்கின்றன, அப்பாவின் மேஜை டிராயர் நிச்சயம் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் முன்னால் நிற்கிற பையனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதற்குப் பதில் எந்த அலமாரியில் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் மாஸ்டருக்குப் போன் போடுகிறார்கள். புது அலமாரி வந்தால் தேட வேண்டிய இடம் ஒன்று கூடும், மாஸ்டருக்குப் போகும் போன் குறையாது.

ஆலோசனை சொல்வதற்கு முன்னால் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தரக் கட்டுப்பாட்டில் தொடங்கி, ஆவணம், பயிற்சி என்று 22 வருடமாக ஆலைகளுக்குள்ளேயே சுற்றுகிறவன் நான். ஆரம்ப காலத்தில், மணல் அச்சில் உலோகம் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் இதே வேலையைக் கொடுத்தார்கள். மணல் பிரிவில் ஒரு ஃபோர்மேன், வயது 56. அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்க வேண்டும். மூன்று மாதம் அவர் பின்னாலேயே நடந்து 180 பக்கத்தில் ஒரு ஃபைல் போட்டேன். முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார். இரண்டு மாதம் கழித்து அந்த ஃபோர்மேனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த வருடம் வேறொரு பிரிவுக்காக அதே ஆலைக்குப் போனேன். நான் நோட்டும் கையுமாக நுழைந்தாலே எல்லோரும் மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்கள் செய்தது சரி.

அந்த 180 பக்கம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பீரோவில் இருந்தது. ஆடிட் வந்தால் வெளியே வரும். ஒரு நாள் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். 'மணலில் ஈரப்பதம் சரியான அளவில் இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். அந்த மனிதர் உண்மையில் என்ன செய்வார் தெரியுமா? ஒரு கைப்பிடி மணலை எடுத்து அழுத்திப் பிடிப்பார். விரலை விரித்ததும் மணல் கட்டியாக நிற்க வேண்டும், விரல் தடம் அதில் தெரிய வேண்டும். அப்புறம் கட்டியை இரண்டாக உடைப்பார். விளிம்பு உதிராமல் நறுக்கென்று உடைந்தால் 'ஓட்டு' என்பார். மூன்று மாதம் இதை நான் தினமும் பார்த்தேன். எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே உங்கள் மாஸ்டர் 'கை பழகோணும்' என்று சொல்வதைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பகுதி உண்மை. ரெசிபி கார்டில் என்ன இருக்கும்? சாயம் இத்தனை சதவீதம், உப்பு லிட்டருக்கு 80 கிராம், சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் சோடா 20 கிராம், 60 டிகிரியில் ஒரு மணி நேரம். இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, லேபிலும் இருக்கிறது. மாஸ்டரிடம் இருப்பது வேறு. பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்தது ஞாபகம் வருகிறது. சாயம் விடுவதற்கு முன்னால் மாஸ்டர் மெஷினுக்குள்ளிருந்து ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். வழவழவென்று இருந்திருக்கிறது. 'நிறுத்து, இன்னொரு வாஷ் கொடு' என்றார். பிளீச்சிங் காரம் சரியாகப் போகவில்லை. அதோடு சாயத்தை விட்டிருந்தால், சோடா போடும் முன்பே சாயம் துணியைப் பிடிக்க ஆரம்பித்துத் திட்டுத் திட்டாக ஆகியிருக்கும். பி.எச். பேப்பர் இரண்டடி தள்ளித்தான் கிடந்தது. அதை எடுத்து நனைக்கிற நேரத்தில் அவர் முடிவே எடுத்துவிட்டார்.

திருப்பூரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒவ்வொன்றாகத் திறந்ததும் உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தைய நோட்டில் இருக்கும் ரெசிபி எல்லாம் மூட்டை உப்புக்கும் லாரித் தண்ணீருக்கும் எழுதியது. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வருகிற தண்ணீர், திரும்பி வருகிற பிரைன், அதாவது கழிவுநீரிலிருந்து மீட்ட உப்புக் கரைசல். பிரைனில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்பது வரத்துக்கு வரத்து மாறலாம். உங்கள் மாஸ்டர் ஒரு தொழிலைக் கற்று, 14, 15 வருடம் முன்னால் அதைப் பாதி மறந்து, மறுபடி கற்றிருக்கிறார். அந்த இரண்டாவது படிப்பு எங்கேயும் எழுதப்படவில்லை என்று பந்தயம் கட்டுவேன். முதலில் அதைக் கேளுங்கள். 'பிரைன் வர ஆரம்பிச்ச புதுசுல என்னென்ன கெட்டுப்போச்சுங்க மாஸ்டர்?' என்று கேட்டால் போதும், ஒரு மணி நேரம் பேசுவார்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். அமெரிக்க அணு ஆயுதத் துறை 'ஃபாக்பேங்க்' என்ற ரகசியப் பெயரில் ஒரு பொருளை டென்னசியில் ஓக் ரிட்ஜ் ஆலையில் 1975 முதல் 1989 வரை தயாரித்தது. தேவை முடிந்தது என்று ஆலையைப் பிரித்துவிட்டார்கள். பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்கும் திட்டத்துக்காக 2000க்குப் பிறகு அது மறுபடி தேவைப்பட்டது. ஏடுகள் குறைவு, செய்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருந்தார்கள். இருந்த குறிப்புகளை வைத்துக் கஷ்டப்பட்டுச் செய்தும் பழைய குணம் வரவில்லை. கடைசியில்தான் தெரிந்தது: அந்தக் காலத்து மூலப்பொருளில் ஒரு அசுத்தம் கலந்திருந்தது, புதிய சுத்திகரிப்பு முறை அதை நீக்கிவிட்டது, அந்த அசுத்தம் இல்லாமல் பொருள் சரியாக வராது. இது பழைய ஆட்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை அவர்கள் எப்படி எழுதியிருப்பார்கள்? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2009இல் இந்தத் தாமதத்தை அறிக்கையாகவே எழுதியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னதை அவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அதற்காக எழுதவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாஸ்டரை எழுதச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். 'உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லுங்கள்' என்று வெள்ளைத் தாளை நீட்டினால் யாருக்குமே ஒன்றும் வராது. உங்களிடம் யாராவது 'நிர்வாகம் எப்படிச் செய்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்' என்றால் என்ன எழுதுவீர்கள்? கேள்வி வந்தால்தான் பதில் வரும். அதனால் கேள்விகளைச் சேருங்கள்.

ஒரு நீள நோட்டு வாங்கி ஷிப்ட் சூப்பர்வைசர் மேஜையில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு விதி: மாஸ்டரை யார் என்ன கேட்டாலும், நேரிலோ போனிலோ, ஒரு வரி எழுத வேண்டும். தேதி, மணி, மெஷின் நம்பர், கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன. 'ராத்திரி 1.40, 5ஆம் நம்பர், நேவி, வெட்டிப் பார்த்த துணி பிட் சிவப்படிக்குது. சோப்புக் கழுவல் (சோப்பிங்) முடிச்சுப் பாரு, இப்ப கை வைக்காதேன்னார்.' இப்படி இருந்தால் போதும். இலக்கணம் வேண்டாம், ஃபார்மேட் வேண்டாம். முதல் மூன்று நாள் எழுத மாட்டார்கள். நான்காம் நாள் நீங்களே ராத்திரி ஷிப்டுக்குப் போய் உட்கார்ந்து பத்து வரி எழுதுங்கள், அப்புறம் எழுதுவார்கள். இரண்டு வாரத்தில் எத்தனை கேள்வி வந்தாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருவது 30, 40தான் இருக்கும் என்பது என் அனுபவம். தீபாவளிக்குப் பிறகு உங்கள் பட்டறையை நிறுத்தப்போவது அந்த 30, 40 கேள்விதான்.

அடுத்து, கெட்டுப்போன லாட்டுகள். ரீபிராசஸ் ரிஜிஸ்டர் உங்களிடம் கட்டாயம் இருக்கும். கடந்த இரண்டு வருடத்தில் மோசமான 20 லாட்டை எடுங்கள். வாரம் ஒரு நாள், சாயங்காலம் ஷிப்ட் மாறுவதற்கு முன்னால், மாஸ்டரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசுங்கள். ஆபீஸ் ரூமில் ஏ.சி. போட்டு வேண்டாம். மெஷின் பக்கத்தில், டீயோடு. அவர் சம்மதத்தோடு போனில் குரலைப் பதிவு செய்யலாம். என்ன கேட்பது? 'என்ன தப்பு நடந்தது' என்று கேட்டால் 'பையன் கவனிக்கலை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். 'நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க? எதைப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு? அந்த இடத்துல ஒரு புது ஆள் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பான்?' என்று கேளுங்கள். பதில்கள் அங்கேதான் இருக்கின்றன. நுரை நிறம் மாறியது என்பார். துணி மெஷினுக்குள் சுற்றி வருகிற சத்தம் வேறு மாதிரி இருந்தது என்பார். அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், திருத்தி 'தொழில்முறை' மொழியாக்க வேண்டாம்.

அங்கே உட்கார வேண்டியது நீங்கள் மட்டும் இல்லை, எச்.ஆர். ஆளும் இல்லை. நாளைக்கு மாஸ்டர் நாற்காலியில் யார் உட்காரப் போகிறாரோ அவர். யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தோன்றுகிறது. அதை இந்த வாரமே முடிவு செய்யுங்கள். முடிந்தால் இரண்டு பேர். ஒருவரையே நம்பினால் மூன்று வருடம் கழித்து அவரைப் பற்றி எனக்கு இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

அந்த இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம். பிட் வந்ததும் மாஸ்டர் முகத்தைப் பார்க்கக் கூடாது. முதலில் அவர்கள் தங்கள் முடிவைத் தாளில் எழுத வேண்டும்: 'மஞ்சள் குறைவு, இவ்வளவு சாயம் கூட்டணும் (டாப்பிங்)' அல்லது 'ஓகே, இறக்கலாம்'. அப்புறம் மாஸ்டர் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஒரு டிக். போகாவிட்டால் ஏன் என்று அவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வழக்கமாக நம் பட்டறைகளில் நடப்பது தலைகீழ். மாஸ்டர் சொல்வார், பையன் தலையாட்டுவான், பத்து வருடம் ஆட்டுவான், அவனுக்கு ஒன்றும் வந்திருக்காது. ஈரத் துணியில் பார்க்கிற ஷேடு காய்ந்த பிறகு எப்படி மாறும் என்பதைக் கண் பழகுவதற்கு இதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. ஆறு மாதத்தில் நூறு, இருநூறு முடிவாவது சேரும். டிக் எத்தனை என்று பார்த்தாலே யாரைத் தனியாக விடலாம், எந்த ஷேடில் விடலாம் என்று தெரிந்துவிடும். டர்க்காயிஸ் (பச்சை கலந்த நீலம்) ஷேடில் விடாதீர்கள். அது 80 டிகிரியில் தனி ராஜ்ஜியம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அப்பா சொன்னது. நோட்டு கேட்பது அவமானம் என்கிறார். பாதி சரி. 26 வருடம் இருந்தவரிடம் போகிற நேரத்தில் 'எழுதிக் கொடுத்துட்டுப் போங்க' என்றால் அது சாவியை வாங்கிக்கொள்வது மாதிரிதான். ஆனால் ஒன்றும் கேட்காமல் மாலை போட்டு அனுப்புவது அதைவிடப் பெரிய அவமானம் என்று நினைக்கிறேன். இவரிடம் கேட்க ஒன்றுமில்லை என்று சொல்வது போல. அப்பாவே நேரில் பேசட்டும். பேசும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு ஒரு வருடம், வாரம் இரண்டு நாள் வந்து போகட்டும், அதற்கு ஒரு தொகை, காரில் கூட்டிவந்து விடுவது, ராத்திரி போன் வராது என்ற உறுதி. முழங்கால் வலிக்காரருக்கு இந்தக் கடைசி இரண்டும் பணத்தைவிடப் பெரிது. இதை எழுத்தில் கொடுங்கள். என்னோட அந்த ஃபோர்மேன் கதை உங்கள் மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதே மாதிரி நான்கு கதை அவருக்குத் தெரிந்திருக்கும்.

பெயரும் போட வேண்டும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஜெராக்ஸ் கம்பெனியில் 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் மெஷின் ரிப்பேர் செய்பவர்களோடு சுற்றிப் பார்த்தார். கம்பெனி கொடுத்த தடிமனான கையேட்டில் பிழைக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் வழி இருந்தது. இவர்களோ கையேட்டில் இல்லாத கோளாறு வந்தால் சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் தீர்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகு 90களில் 'யுரேகா' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ரிப்பேர்க்காரர் தான் கண்டுபிடித்த வித்தையைப் போடலாம், சக ரிப்பேர்க்காரர்கள் சோதித்துச் சரி என்றால் அவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். அது நன்றாக ஓடியது. உங்கள் பட்டறையில் ஒவ்வொரு கார்டின் அடியிலும் 'சொன்னவர்: மாஸ்டர் இன்னார், தேதி' என்று இருக்கட்டும். நாளைக்கு ஒரு ஆபரேட்டர் ஏதாவது நல்லதாகக் கண்டுபிடித்தால் அவர் பெயரும் வரட்டும்.

கார்டு என்று சொன்னேன். அந்த 30, 40 கேள்வியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். உங்களிடம் ராத்திரி ஷிப்டில் ஒடிசா, பீகார் பையன்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை, இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அவர்களுக்குத் தமிழ்க் கார்டும் உதவாது, ஆங்கிலத்தில் எழுதின செயல்முறைக் குறிப்பும் (எஸ்.ஓ.பி.) உதவாது. படம், எண், இந்தியில் ஒரு நிமிடக் குரல் பதிவு. கூடவே துணி. நல்ல பிட் ஒன்று, கெட்ட பிட் ஒன்று, கார்டிலேயே ஸ்டேபிள் பண்ணுங்கள். 'லேசாகச் சிவப்படிப்பது' என்றால் என்ன என்பதை நூறு வார்த்தையில் சொல்ல முடியாது, இரண்டு அங்குலத் துணி சொல்லிவிடும். மாஸ்டர் டிராயரில் பிட் ஒட்டின பழைய நோட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் படாமல் வையுங்கள், நிறம் வெளுத்தால் அது பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

மெரூன் லாட்டுக்கு வருவோம். அதில் ஆபரேட்டர் மேல் தப்பில்லை. அவர் தேடினார், கிடைத்தது, போட்டார். ஒரு ரெசிபி இரண்டு இடத்தில் இருந்தால் என்றைக்காவது ஒரு ராத்திரி தப்பானதுதான் கைக்குக் கிடைக்கும். எனவே ரெசிபியைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். குழுவில் போக வேண்டியது ஷேடு கோடும் லாட் நம்பரும்தான். ரெசிபி ஒரே இடத்தில் இருக்கும், லேப் இன்சார்ஜ் மட்டுமே மாற்றுவார், மெஷினுக்குப் பிரின்ட் போகும், லாட் முடிந்ததும் அந்தப் பிரின்ட் திரும்பி வந்து லாட் கார்டோடு சேரும். தலைப்பில் மூன்று விஷயம்: கடைசியாகச் சரிபார்த்த தேதி, எந்தச் சாய லாட், பிரைனா மூட்டை உப்பா. ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டாத ரெசிபி என்றால் லேபில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் பெரிய மெஷினுக்கு ஏற்றக் கூடாது. ஃபைல் பெயரில் 'ஃபைனல்' என்ற வார்த்தையையே தடை செய்துவிடுங்கள். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஃபைனல் கரெக்ட்' என்று மூன்று இருக்கிறதா இல்லையா? தேதி போட்டால் சண்டை இல்லை.

14,000 ஃபைலை ஒழுங்குபடுத்த உட்காராதீர்கள். யாரோ ஒரு பட்டதாரிப் பெண்ணை நியமித்து மூன்று மாதம் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரிக்க வைப்பார்கள், நிறையப் பார்த்திருக்கிறேன். பிரித்து முடித்த அன்றைக்கே மறுபடி குப்பை சேர ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் 'பழசு' என்று ஒரே ஃபோல்டரில் போட்டு, பார்க்கலாம், மாற்ற முடியாது என்று பூட்டுங்கள். காலியாக ஒரு புது இடம் திறங்கள். யாருக்காவது ஏதாவது தேவைப்பட்டு பழசிலிருந்து எடுத்தால், அதற்குப் பெயர் வைத்து, தேதி போட்டு, பொறுப்பாளர் பெயர் எழுதிப் புது இடத்துக்குக் கொண்டுவரட்டும். தேவைப்படாதது அங்கேயே கிடக்கும். அழிக்கவும் வேண்டாம். ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் காகிதங்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கின்றன. அவற்றை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆடிட் என்றதும் ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஓ. 9001இன் 2015 பதிப்பில் 'நிறுவனத்தின் அறிவு' என்று தனியாக ஒரு பிரிவு, 7.1.6, சேர்த்தார்கள். நல்ல பிரிவு. வேலைக்கு என்ன அறிவு வேண்டும் என்று கண்டறி, காப்பாற்று, தேவைப்படுகிறவருக்குக் கிடைக்கச் செய் என்கிறது. நம் ஊரில் அதற்கு ஒரு கன்சல்டன்ட் பத்துப் பக்கம் காப்பி அடித்துக் கொடுப்பார், அது ஃபைலில் போய்ச் சேரும், ஆடிட்டர் டிக் போடுவார். துணி வாங்கும் பையர் கம்பெனியின் ஆடிட்டுக்காக எழுதின எஸ்.ஓ.பி.யையும் ஆபரேட்டருக்காக எழுதின கார்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். உங்கள் நீள நோட்டையும் டிக் போட்ட தாள்களையும் அப்படியே ஆடிட்டர் முன்னால் வையுங்கள், நல்ல ஆடிட்டர் என்றால் அதைத்தான் கேட்பார்.

மென்பொருள் விற்கிறவர் மறுபடி வருவார். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். வரும்போது நோட்டிலிருந்து மூன்று கேள்வி எடுத்து வையுங்கள். ராத்திரி ஷிப்ட் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, ஈரக்கையோடு, அவருடைய சாதா போனில், ஒரு நிமிடத்துக்குள் பதில் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டால் விலை பேசுங்கள். பிரசன்டேஷன் போட்டுக் காட்டுகிறேன் என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக அந்தப் போன். கேட்காமல் எடுக்கவே கூடாது என்பது உங்களுக்கே தெரியும். கேட்டு வாங்கி மொத்தமாகக் காப்பி எடுப்பதும் வேண்டாம். அது அவருடைய சொந்தப் போன். பேத்தி போட்டோ, பேங்க் மெசேஜ், மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் இருக்கும். பட்டறை பெயரில் ஒரு சிம் போட்டு ஒரு போன் வாங்கிக் கொடுங்கள். ரெசிபி கேள்வி எதுவானாலும் இன்றிலிருந்து அந்த நம்பருக்குத்தான் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். பழையதில் தேவையானதை அவரே உட்கார்ந்து புதுசுக்கு அனுப்பட்டும், பக்கத்தில் அந்த இரண்டு பேரில் ஒருவர் இருந்து ஒவ்வொன்றும் எந்த ஷேடு, எந்த வருடம் என்று கேட்டு எழுதட்டும். தீபாவளிக்குப் பிறகு அந்த நம்பர் பட்டறையிலேயே இருக்கும். முதல் ஒரு மாதம் மாஸ்டர்தான் எடுக்கிறார் என்று நினைத்துப் பாதிப் பேர் 'மாஸ்டர்' என்றே ஆரம்பிப்பார்கள். எடுக்கிறவர் திருத்த வேண்டாம், கேள்வியை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.